அடிக்கிற அணி என்றால் ஆறு பேரும் அடிக்க வேண்டுமா?

பேரப்பிள்ளைகள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையாவது ஆடிக்கொண்டிருந்தால் நம் வயதுக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "கண்ணு கெட்டுப் போவும், எடுத்து வைடா." சொல்வதில் தப்பில்லை. ஆனால் என்ன ஆடுகிறான், எப்படி ஆடுகிறான் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறவர்கள் நம் கரியமாணிக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் முப்பத்தோரு வருஷம் விளையாட்டு வாத்தியார் வேலை பார்த்தவன். எந்த ஆட்டம் கண்ணில் பட்டாலும் எத்தனை பேர், என்ன விதி, எப்படி ஜெயிப்பது என்று கேட்காமல் நகர மாட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் பதினோராம் வகுப்பு படிக்கும் என் பேரனிடம் போக்கிமான் சண்டையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு மழைக்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் விட்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் தாக்கும் அணி ஒன்றை ஒழுங்காகக் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு, அணி என்றால் என்ன என்பது புரிந்துவிட்டது என்று அர்த்தம். மைதானத்தில் பிள்ளைகளுக்கு அதைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் போனைப் பிடுங்குவதற்கு முன்னால், அவன் கட்டிய அணியைப் பற்றி அவனோடு நாலு வார்த்தை பேசிப் பாருங்கள் என்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

போக்கிமான் ஜப்பானில் பிறந்த ஆட்டம். நின்டெண்டோ கம்பெனியின் கேம்பாய் என்ற கையடக்கக் கருவிக்காக 1996 பிப்ரவரி 27ஆம் தேதி வெளிவந்தது. 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். சட்டைப் பையில் அடங்கும் பூதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்க்கும் பிள்ளையாக இருந்தவர். வயலும் குளமும் போய்க் கட்டடம் வந்த ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்க வேண்டும் என்ற நினைப்பில் பிறந்ததுதான் இந்த ஆட்டம். நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. கொடுக்காப்புளி மரத்தில் பொன்வண்டு பிடித்து, தீப்பெட்டிக்குள் இலையோடு அடைத்து, முட்டை போட்டதா என்று மணிக்கு ஒரு தரம் திறந்து பார்த்த தலைமுறைதானே நாம்? அந்தத் தீப்பெட்டி இப்போது செல்போனுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆறைப் பொறுக்கி எடுத்தால் ஒரு அணி. ஒவ்வொரு பூதத்துக்கும் நாலே நாலு வித்தைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு, சிலவற்றுக்கு இரண்டு. நீர், நெருப்பு, புல், மின்சாரம், நிலம், பாறை என்று மொத்தம் 18 வகைகள். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும். மின்சார அடி நில வகைப் பூதத்தை ஒன்றுமே செய்யாது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மோட்டார் கொட்டகைக்கு எர்த் போட்டவர்கள் யாருக்கும் இது தெரியும்.

என் பேரன் ஆடும் முறையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூதம் முன்னால் நிற்கும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமல், தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். அடிக்கலாம், அல்லது நிற்கும் பூதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வேறொன்றை அனுப்பலாம். அனுப்பினால் அந்த முறை அடிக்க முடியாது. புதிதாக வந்தது எதிராளியின் அடியை வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். இரண்டும் அடித்தால், வேகம் ஒரு புள்ளி கூடுதலாக இருப்பதுதான் முதலில் அடிக்கும். ஆறும் மயங்கி விழுந்தால் தோல்வி. இதற்கென்று போக்கிமான் ஷோடவுன் என்ற இலவச இணையதளம் இருக்கிறது. காசு கிடையாது, கருவி வாங்க வேண்டியதில்லை. அணியை எழுதிப் போட்டால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஆளோடும் மோதலாம்.

பென்ஷன்காரர்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. பூதத்தைப் பழக்குவதற்கு மொத்தம் 510 புள்ளிகள் கொடுக்கிறார்கள். உயிர், அடி, தடுப்பு, சிறப்பு அடி, சிறப்புத் தடுப்பு, வேகம் என்ற ஆறு கணக்குகளில் அதைப் பிரித்துப் போட வேண்டும். ஒரே கணக்கில் 252க்கு மேல் போட முடியாது. அடியில் 252, வேகத்தில் 252 என்று போட்டுவிட்டால் உயிருக்கும் தடுப்புக்கும் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். மாதம் பிறந்ததும் மருந்துக்கு எவ்வளவு, பால்காரருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிற நமக்கு இது புதிதா?

வித்தைகளைப் பொறுக்குவதிலும் இதே பாடுதான். ஃபயர் பிளாஸ்ட் என்ற நெருப்பு அடிக்கு வலிமை 110, ஆனால் நூற்றுக்கு 85 தரம்தான் படும். ஃப்ளேம்த்ரோயர் என்ற இன்னொன்றுக்கு வலிமை 90, தவறாமல் படும். எதை எடுப்பது? மழையை நம்பி விதைப்பதா, போர் தண்ணீரை நம்பி விதைப்பதா என்று நம் விவசாயிகள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும் இந்தக் கேள்விதான்.

இனி தாக்கும் அணிக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் அணிகள் பல விதம். பூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அடி வாங்கி வாங்கி உயிரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு, எதிராளி சலித்துப் போகும்வரை காத்திருக்கும் அணி ஒன்று. நம் வயதுக்காரர்கள் ஆடினால் அதைத்தான் ஆடுவோம். அதற்கு நேர் எதிர், ஹைப்பர் அஃபென்ஸ் என்று சொல்கிற தாக்கும் அணி. எதிராளி யோசிக்க நேரம் கொடுக்காமல், தடுக்க வாய்ப்பும் கொடுக்காமல், அடித்துக்கொண்டே போவது. பிள்ளைகளுக்கு இதன் மேல்தான் மோகம்.

பேரன் முதன்முதலில் கட்டிய தாக்கும் அணியில் ஆறும் அடிக்கிற பூதங்கள். பட்டியலில் யாருக்கு அடி அதிகம் என்று பார்த்து மேலிருந்து பொறுக்கியிருந்தான். தொடர்ந்து தோற்றான். கோபம் வந்தது. போனைக் கட்டில்மேல் எறிந்தான். "எல்லாம் ஸ்ட்ராங்குதான் தாத்தா, ஆனா ஜெயிக்க மாட்டேங்குது" என்றான்.

எனக்கு அந்த அணியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கபடி அணிக்கு ஆள் எடுக்கும்போது வருஷா வருஷம் நான் பார்த்ததுதான். கூப்பிட்டால் முப்பது பிள்ளைகள் வந்து நிற்பார்கள். முப்பது பேரும் பாடிப் போகிறவர்கள். "பிடிக்கிறவன் யாருடா?" என்றால் ஒரு கையும் மேலே போகாது. தொட்டுவிட்டு ஓடி வருகிறவனுக்குத்தான் கைதட்டல். ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவனுக்கு முழங்கை தேய்ந்த காயம்தான் மிச்சம். காணும் பொங்கலுக்கு அறுத்த வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, டியூப் லைட் கட்டி நடத்துகிற போட்டிகளிலும் அப்படித்தான். பரிசுக் கோப்பை பாடிப் போனவன் கையில் இருக்கும். சங்கிலி பிடித்து நின்ற இரண்டு பேர் பெயர் மைக்கில்கூட வராது.

பெரிய இடத்திலும் இதுதான் கதை. புரோ கபடியில் 2019ஆம் வருஷம் தமிழ் தலைவாஸ் அணியைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராகுல் சவுத்ரி, அஜய் தாக்குர் என்று நாடறிந்த இரண்டு ரெய்டர்கள் ஒரே அணியில். பிடிப்பதற்கு மன்ஜீத் சில்லர். காகிதத்தில் பார்த்தால் கோப்பையே கைக்கு வந்துவிட்ட மாதிரி. சீசன் முடிந்தபோது 12 அணிகளில் கடைசி. பிறகு 2022ல் பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு அடிபட்டு வெளியே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நாம் எல்லோரும் டி.வி.யை அணைத்த நேரத்தில், நரேந்தர் என்ற இளைஞர் பாடிப் போக, சாகர், சாஹில் குலியா போன்ற பிள்ளைகள் மூலையில் நின்று பிடிக்க, அந்த அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. பெரிய பெயர்களைக் கூட்டுவது வேறு, அணி கட்டுவது வேறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போன பெத்தாங்க். மூன்று பேர் அணியில் ஆளுக்கு இரண்டு இரும்புக் குண்டு. ஒருவர் சின்ன மரக்குண்டை ஒட்டிப் போடுகிறவர். ஒருவர் எதிராளியின் குண்டை அடித்துத் தூக்குகிறவர். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அடிக்கிறவரைத்தான் பிடிக்கும், 'ணங்' என்ற சத்தம் அப்படி. ஆனால் மூன்று பேரும் அடிக்கிறவர்களாக இருந்தால், எதிராளியின் குண்டெல்லாம் பறந்து போகும், நம் குண்டும் பக்கத்தில் இருக்காது. புள்ளி எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். அவன் தேடிப் படித்து, ஒரு மாதத்தில் வேறு மாதிரி அணி கட்டிக் காட்டினான். அதை எனக்கு விளக்கியபோதுதான் இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

முதலில் இறங்குகிற பூதம் அடிப்பதற்காக வருவதில்லை. எதிராளியின் பக்கத்தில் கற்களைப் பரப்புவதற்காக வருகிறது. அந்த வித்தைக்கு ஸ்டெல்த் ராக் என்று பெயர். பரப்பியபின், எதிராளி எந்தப் பூதத்தை உள்ளே அனுப்பினாலும் நுழையும்போதே கல் குத்தும். சாதாரணமாக உயிரில் எட்டில் ஒரு பங்கு போகும். சாரிசார்டு மாதிரி நெருப்பும் பறக்கும் வகையும் சேர்ந்த பூதம் என்றால் பாதி உயிர் அங்கேயே காலி. இந்த முதல் ஆளின் இடுப்பில் ஃபோக்கஸ் சாஷ் என்று ஒரு கச்சையும் கட்டிவிடுகிறார்கள். முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும், அந்த ஒரு தரம் மட்டும் ஒரு புள்ளி உயிர் மிஞ்சும். அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கல்லைப் பரப்பிவிட்டு, அடுத்த அடியில் விழுந்துவிடும்.

"அப்ப இது எப்ப அடிக்கும்?" என்று கேட்டேன்.

"அடிக்காது தாத்தா. இது விழுறதுக்குன்னே வர்ற ஆளு" என்றான்.

பதினாறு வயதுப் பிள்ளை வாயில் இந்த வார்த்தை வந்தது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அது விழுந்ததில் நஷ்டமும் இல்லை என்று மேலே விளக்கினான். உயிரோடு இருக்கும் பூதத்தை மாற்றினால் ஒரு முறை வீண், புதிதாக வருவது அடி வாங்கும் என்று சொன்னேன் அல்லவா? ஒன்று விழுந்தபின் அடுத்ததை அனுப்பினால் அந்த நஷ்டம் இல்லை. அது அடி வாங்காமல் முழு உயிரோடு வந்து நிற்கும். அதாவது முதல் ஆள் விழுந்ததே இரண்டாவது ஆளுக்குக் கொடுத்த இடம்.

அந்த இரண்டாவது ஆளும் வந்தவுடன் அடிப்பதில்லை. ஸ்வார்ட்ஸ் டான்ஸ் என்ற வாள் நடனம் ஆடுகிறது. ஒரு முறையை அதற்குச் செலவழித்தால் அதன் அடி இரண்டு மடங்காகும். டிராகன் டான்ஸ் என்றால் அடியும் வேகமும் ஒன்றரை மடங்கு. அந்த ஒரு முறையில் எதிராளி நம்மை வீழ்த்திவிடக் கூடாது. எந்த நேரத்தில் ஆடினால் எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த அணியை ஆட்டுகிறவனின் திறமை. பார்க்கிறவனுக்கு வேகமாகத் தெரிகிற அணிக்குள்தான் இவ்வளவு பொறுமை இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு ஜோடி. ஒரே தடுப்புப் பூதம் இரண்டு பேருக்கும் எதிரியாக இருக்கும்படி அந்த ஜோடியைப் பொறுக்குகிறார்கள். முதல் ஆள் அந்தத் தடுப்பை மோதி மோதி இளைக்க வைத்துவிட்டு விழுவான். இரண்டாம் ஆள் திறந்த வாசல் வழியாகப் போய்விடுவான். சுவரை இடித்தவன் ஒருவன், உள்ளே போனவன் ஒருவன். கடைசியில், எதிராளியின் வேகக்காரன் தப்பி வந்தால் மடக்குவதற்கு ஒரு ஆள். குவிக் அட்டாக் மாதிரி சில சின்ன அடிகள் வேகக் கணக்குப் பார்க்காமல் முந்திக்கொண்டு விழும். பலம் குறைவுதான், ஆனால் குற்றுயிராய் நிற்கிற எதிரிக்கு அதுவே போதும்.

எண்ணிப் பாருங்கள். தாக்கும் அணி என்று பெயர், ஆனால் ஆறில் மூன்று பேருடைய வேலை அடுத்தவனுக்கு வழி விடுவது. என்னைக் கேட்டால் தாக்குதல் என்பது கோபத்தில் பிறக்கிற காரியமே இல்லை. யார் யாருக்காக எந்த நேரத்தில் விழுவது என்று முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கு அது. மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு "அட்டாக்! அட்டாக்!" என்று கத்துகிற பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாராவது தன் பிள்ளை மூலையில் நின்று காலைப் பிடித்ததற்குக் கைதட்டி நான் பார்த்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். மார்க் எடுக்கிற பிள்ளை பெயர் ஊரெல்லாம் தெரியும். அவன் படிக்கட்டும் என்று மாட்டைப் பிடித்துக் கட்டுகிற தம்பி பெயர் நமக்கே சட்டென்று வராது.

இந்த ஆட்டத்தின் உலகப் போட்டியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014ஆம் வருஷம் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்தது. அங்கே விதி கொஞ்சம் வேறு. ஆறில் நாலைத்தான் இறக்க வேண்டும், இரண்டிரண்டாக நின்று மோத வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் மலை மாதிரிப் பூதங்களோடு வந்திருக்க, தென்கொரியாவின் சே ஜூன் பார்க் தன் அணியில் பச்சிரிசு என்ற ஒன்றை வைத்திருந்தார். மின்சார அணில். உயரம் 40 சென்டிமீட்டர், எடை நாலு கிலோவுக்கும் குறைவு. போட்டிக்கு அதை யாரும் சீந்துவதில்லை. அதன் வேலை, ஃபாலோ மீ என்ற வித்தையால் எதிராளியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. அது அடியை வாங்கிக்கொண்டு நிற்க, பக்கத்தில் நிற்கும் பெரிய பூதம் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும். அந்த அணிலோடுதான் அவர் உலகப் பட்டம் வாங்கினார். பட்டியலை மேலிருந்து பொறுக்குகிறவனுக்கு அந்த அணில் கடைசிவரை கண்ணில் படாது. தன் அணிக்கு என்ன குறை என்று தெரிந்தவனுக்குத்தான் படும். பாலம் கட்டியபோது மணலில் புரண்ட நம் அணிலை நினைத்துக்கொண்டேன்.

தோற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டுப் போட்ட அணி தோற்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தாக்கும் அணி ஐந்தே நிமிஷத்தில் தோற்றுவிடும். நூற்றுக்கு 85 என்று நம்பிய அடி, தவறும் அந்தப் பதினைந்தில் ஒன்றாகிவிட்டால் கதை முடிந்தது. அதிர்ஷ்டத்தில் தோற்றேனா, என் கணக்கில் தோற்றேனா என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது பெரிய விஷயம். நம்மில் பலர் அறுபது தாண்டியும் அதைப் பிரிக்கத் தெரியாமல் விதியையும் பங்காளியையும் திட்டிக்கொண்டிருக்கிறோம். பேரனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் எந்த முறையில் தோற்றோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். கபடிப் பிள்ளைகளுக்கும் இதையே செய்தேன். போனை எறிவது நின்றுவிட்டது.

இனி எதிர்ப்பக்க நியாயம். மூன்று குறை சொல்வார்கள்.

ஒன்று, சண்டை போடும் ஆட்டம், வன்முறை என்பது. உயிர்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நமக்குப் புதிதா? நமக்குப் பக்கத்திலேயே, விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவலுக்கு நடுகல் எடுத்து எழுத்தும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழமையான கல் அது. சேவல் சண்டையில் ரத்தம் உண்டு, கத்தி உண்டு, பந்தயம் உண்டு. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றம் என்கிறது. சட்டம் வந்தும் பொங்கல் நேரத்தில் எங்கெங்கே நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். போக்கிமானில் பூதம் மயங்கும், சாகாது. அடுத்த ஆட்டத்துக்கு முழு உயிரோடு வரும். சேவலை மோதவிட்ட ஊர்க்காரர்கள் நாம் இதைப் பார்த்து வன்முறை என்பது பொருந்தவில்லை.

இரண்டாவது, பணம். இதுதான் கனமான பயம். என் மகனே நெட்டைத் துண்டிக்கிறேன் என்று நின்றான். காரணம், எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஆன்லைன் ரம்மியில் நகையை வைத்துத் தொலைத்தது. அந்த வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமென்று தெரியும். நானும் அவனிடம் வாதாடவில்லை. இரண்டும் ஒன்றா என்று மட்டும் கேட்டேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுக்கத் தடை செய்தது. அதே சட்டம் பந்தயம் இல்லாத மின் விளையாட்டுப் போட்டிகளைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. 2023ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் மின் விளையாட்டுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். சட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்த வித்தியாசம் நம் வீட்டில் தெரியாமல் போகலாமா? ஒரே ஒரு கேள்வி போதும்: ஆட பணம் கட்டணுமா, ஜெயித்தால் பணம் வருமா? ஆமாம் என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள், நான் உங்கள் பக்கம்.

மூன்றாவது, நேரம். இதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. எந்த ஆட்டமும் அளவு மீறினால் கேடுதான். கபடி ஆடியே படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மகனும் நானும் பேரனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். சாயங்காலம் ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் அரை மணி நேரம் தெருவில் இறங்கி ஓட வேண்டும், விளையாட்டு வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதால் இது கூடுதல் வரி. பரீட்சை மாதத்தில் ஆட்டம் கிடையாது. அவன் ஒப்புக்கொண்டான். அவன் அணி கட்டும் கணக்கை நாங்கள் காது கொடுத்துக் கேட்டதால்தான் ஒப்புக்கொண்டான் என்பது என் எண்ணம். தான் செய்வது என்னவென்றே தெரியாத ஒருவர் போடும் தடையைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. போர்வைக்குள் போனை வைத்துக்கொள்வார்கள்.

ஆகவே உங்கள் வீட்டுப் பேரனோ பேத்தியோ இந்த ஆட்டத்தை ஆடினால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். உன் அணியில் முதலில் இறங்குகிறது யார், அதன் வேலை என்ன? யாருக்காக யார் விழுகிறார்கள்? எந்த வகைப் பூதம் வந்தால் உன் அணி திணறும்? மூன்றுக்கும் பதில் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள், உங்களுக்கும் பொழுது போகும். "சும்மா டைம் பாஸ்தான் தாத்தா" என்று பதில் வந்தால் தயங்காமல் போனை வாங்கி வைத்துவிட்டு, மோட்டார் கொட்டகைக்கு அனுப்பி வையுங்கள். தண்ணீர் பாய்ச்சவும் ஆள் வேண்டும்.